சமமாக வெட்டிய சட்டை

என் அண்ணன் தையல்காரன். வெறும் தையல்காரன் என்று சொன்னால் அவனுக்கு மூக்கின் மேல் கோபம் வரும், அதனால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்: கோட்டு தைக்கிறவன். தொந்தி தெரியக் கூடாது, கூன் தெரியக் கூடாது, ஒரு தோள் இறங்கியிருப்பது நாலு பேர் கண்ணில் படக் கூடாது என்று நினைக்கிறவர்கள் எல்லோரும் அவனைத் தேடித்தான் வருவார்கள். நத்தை மாதிரி சுருண்டு உள்ளே வருகிற வக்கீல், கோட்டைப் போட்டுக்கொண்டு கம்பு மாதிரி வெளியே போவார். "உடம்பு எப்படி வேணும்னாலும் இருக்கட்டும், உடுப்பு கோணக் கூடாது" என்பது அவன் வேதம். காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது, ஓரம் மடித்து அடிப்பது, துணி இன்னும் ஆகவில்லை என்று வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வது, இதெல்லாம் தங்கையான என் வேலை. கடை அவனுடையது, கடையின் வாய் என்னுடையது என்று அண்ணி சொல்வாள்.

கடைக்கு மேல் மாடியில் அண்ணன் குடும்பம். அண்ணி தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். மூத்தது பெண், பதினொரு வயசு. அதற்குப் பெயரெல்லாம் இருக்கிறது, கூப்பிடத்தான் ஆள் இல்லை. தையல் மெஷினுக்கு அடியில் நூலைச் சுற்றிக்கொண்டு ஓயாமல் சுழலுமே ஒரு சின்ன உருளை, அதுதான் பாபின். நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து கடைக்குள் ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றியதால் அவளுக்கும் அதே பெயர். இரண்டாவது, எல்லோரும் மறந்துபோன பிறகு வந்து சேர்ந்த பையன். துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது நான் "பொட்டலம்" என்றேன், அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

பாபின் பிறந்ததிலிருந்து அவள் உடம்பில் அண்ணன் தைக்காத துணி ஏறியதில்லை. பள்ளிச் சட்டை, பாவாடை, கவுன், மழைக்கோட்டு, எல்லாம் அவன் கையால். அவள் துணியில் என்னை ஒரு பொத்தான்கூட வைக்க விடமாட்டான். ரெடிமேட் என்பது எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை. அவள் பிறந்தநாளுக்கு யாரோ ஆசையாக வாங்கிக்கொடுத்த ரெடிமேட் கவுன் இன்றைக்கும் கடையில் எண்ணெய் துடைக்கிற துணியாக இருக்கிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கை அந்தக் குஞ்சுக்குச் சட்டையும் தைத்துப் போட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாபின் கைக்குழந்தையாக இருந்தவரை அண்ணனும் அண்ணியும் குழந்தைகள் டாக்டரிடம் ஒழுங்காகத்தான் போனார்கள். ஊசிக்காகப் போனார்கள் என்று சொல்வதுதான் சரி. ஊசிகள் ஒரு வழியாக முடிந்தபோது, இனி வருஷத்துக்கு ஒரு தடவை சும்மா கூட்டிக்கொண்டு வாருங்கள், வளர்ச்சியைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அண்ணன் கடைக்கு வந்து அதை ஒரு நகைச்சுவையாகச் சொன்னான். ஒண்ணும் இல்லாத பிள்ளையை எதற்குத் தூக்கிக்கொண்டு போவது, நன்றாக ஓடுகிற மெஷினைக் கழற்றிப் பார்த்தால் மாட்டும்போது ஒரு திருகாணி மிச்சமாகும் என்றான். எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு காய்ச்சல், சளி என்றால் மருந்துக்கடை, மிஞ்சினால் தெருமுனை கிளினிக். அங்கே இருக்கிறவர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிப்பார், மருந்து எழுதுவார், அடுத்த ஆளைக் கூப்பிடுவார். பாபினுக்குப் பெரிதாக எதுவும் வந்ததும் இல்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

பொட்டலத்துக்கு ஊசி போட வேண்டிய நாள் வந்தது. அண்ணன் ஒரு கோட்டின் ட்ரையல் இருக்கிறது என்று கடையில் தங்கிவிட்டான். அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொள்ள, நான் பையைத் தூக்கிக்கொண்டேன். பள்ளி விடுமுறை என்பதால் பாபினும் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

அதே டாக்டரம்மாதான், முடி மட்டும் நரைத்திருந்தது. பொட்டலத்தை எடை பார்த்தார், தலையைச் சுற்றி நாடாவை வைத்து அளந்தார், இடுப்பை மடக்கி விரித்துப் பார்த்தார். ஊசி போட்டதும் அவன் கூரை பறக்கக் கத்தினான். அந்தச் சத்தத்துக்கு நடுவே டாக்டரம்மாவின் கண், எடை பார்க்கும் மெஷினில் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்த பாபின் மேல் விழுந்தது. இவளைக் கடைசியாக எப்போது காட்டினீர்கள் என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தாள், நான் பையைப் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் இல்லையே டாக்டர் என்றாள் அண்ணி. அதனால் என்ன, வந்ததுதான் வந்தாள், பார்த்துவிடலாம் என்றார்.

உயரம் பார்த்தார், கண், காது, பல் பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார். நன்றாகத் தூங்குகிறாயா, பள்ளியில் யாரோடு சுற்றுகிறாய் என்று பேச்சுக் கொடுத்தார். பாபின் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதற்குத்தான் ஆள் வேண்டும். பிறகு திரைக்குப் பின்னால் எங்களையும் கூப்பிட்டு, சட்டையைக் கழற்றி, வெறுங்காலில் நேராக நிற்கச் சொன்னார். இரண்டு கைகளையும் சேர்த்துக்கொண்டு தரையைத் தொடப்போகிற மாதிரி முன்னால் குனியச் சொன்னார்.

பாபின் குனிந்தாள். அவள் முதுகின் வலது பக்கம் மேடாக எழுந்து நின்றது. வெட்டுமேஜையில் துணிக்கு அடியில் கத்தரிக்கோலை மறந்து வைத்துவிட்டால் துணி எப்படி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்குமோ, அப்படி. நிமிரச் சொன்னபோது பார்த்தேன், இடது தோள் இறங்கியிருந்தது, வலது தோள்பட்டை எலும்பு தனியாகத் துருத்தியது, இடுப்பில் ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் நேராகவும் இருந்தது. தினமும் என் கண்முன்னால் சுற்றுகிற பிள்ளை. தானே குளிக்க ஆரம்பித்த பிறகு அவள் முதுகை நாங்கள் யாரும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அண்ணி முதலில் கேட்டது வலிக்கிறதா என்றுதான். எங்கே வலிக்கணும் என்று பாபின் திருப்பிக் கேட்டாள். டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துகொண்டு போகிறது. காரணம் பெரும்பாலும் தெரியாது, யார் செய்த தப்பும் இல்லை, பையைத் தூக்கியதால் வருவதும் இல்லை. வலிக்காது, அதுதான் தொல்லை. இவள் இப்போதுதான் வேகமாக வளரப் போகிறாள், வளைவும் கூடவே வளரும். வளர்ச்சி முடிவதற்குள் பிடித்தால் உடம்போடு ஒட்டிய பட்டை ஒன்றைப் போட்டு நிறுத்திப் பார்க்கலாம். விட்டுவிட்டால் பிறகு கத்திதான். எலும்பு டாக்டருக்கு எழுதிக் கொடுத்து, இந்த வாரமே போங்கள் என்றார்.

"தினமும் பார்த்துக்கிட்டுத்தானே டாக்டர் இருக்கோம்" என்றாள் அண்ணி.

"தினமும் பார்க்கிறதாலதாம்மா தெரியலை. வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற என் கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியும். காய்ச்சல்னு வந்தா நானும் காய்ச்சலைத்தான் பார்ப்பேன். ஒண்ணும் இல்லாதப்போ கூட்டிட்டு வந்தாதான் பிள்ளையைப் பார்க்க முடியும்."

பாபின் சட்டையை மாட்டிக்கொண்டு திரையை விலக்கி வந்தாள். தோள் இரண்டும் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி சமம். சற்று முன் பார்த்த முதுகு இவளுடையதுதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. டாக்டரம்மா கொஞ்ச நேரம் அந்தச் சட்டையையே பார்த்தார். யார் தைத்தது என்று கேட்டார். எங்க அப்பா என்றாள் பாபின் பெருமையாக. நன்றாகத் தைத்திருக்கிறார், ரொம்பவே நன்றாக என்றார் டாக்டரம்மா. அவர் சிரிக்கவில்லை. எனக்கு அதன் அர்த்தம் தெருவுக்கு வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் விளங்கியது.

அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணி சொன்னதை ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டான். பிறகு, டாக்டர்களுக்கு எல்லாமே நோய்தான் என்றான். வருஷா வருஷம் பள்ளி திறக்கும் முன் அவளை மேஜைமேல் ஏற்றித் தலை முதல் கால் வரை அளவெடுக்கிறவன் நான், எனக்குத் தெரியாத உடம்பா என்றான். தோள் இறங்கியிருக்கிறது என்றேன். அவன் சிரித்தான்.

"யாருக்குத்தான் ரெண்டு தோளும் சமமா இருக்கு? உனக்கு இருக்கா? அந்த வக்கீலுக்கு இருக்கா? எல்லாருக்கும் ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கும். அதுக்குத்தானே தையல்காரன்னு ஒருத்தன் இருக்கான்?"

அவன் சொன்னது பொய்யில்லை, அதுதான் கஷ்டம். கடைக்கு வருகிற நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு ஏதோ ஒரு பக்கம் ஏறி இறங்கித்தான் இருக்கும். அதைக் கண்டதும் அண்ணன் கை தானாக வேலை செய்துவிடும். இறங்கிய தோளுக்குள் விறைப்பான கேன்வாஸ் துணி ஒரு துண்டு, ஏறிய பக்கத்து ஓரத்தில் கொஞ்சம் கூடுதல் துணி. வாடிக்கையாளரிடம் சொல்ல மாட்டான், தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ள மாட்டான். அதைத் தொழில் மரியாதை என்பான். அந்த மரியாதையைத்தான் சொந்த மகளுக்கும் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

இந்த வாரம் என்பது அடுத்த வாரம் ஆயிற்று. கோட்டு வேலை முடியட்டும் என்றான், பள்ளிப் பரீட்சை முடியட்டும் என்றான். வலி இல்லாத நோய் என்ன நோய் என்றான். அண்ணி ஒரு கையில் பொட்டலமும் மறு கையில் கண்ணைத் துடைக்கிற துணியுமாக இருந்தாள். அவன் இல்லாமலே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நான் சொன்னேன். ஒருநாள் போகலாம், அந்தப் பட்டையை வருஷக்கணக்கில் பிள்ளை போட வேண்டுமே, அப்பா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் போடுவாளா என்று அண்ணி கேட்டாள். அது நியாயம். பாபினுக்கு அப்பா சொல்தான் சொல்.

எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ஒரு சனிக்கிழமை அவன் மெஷின்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது நேராகக் கேட்டுவிட்டேன். வாரா வாரம் எண்ணெய் விடுகிறாயே, மெஷினுக்கு என்ன உடம்பு சரியில்லையா என்று. மெஷின் வேறு, பிள்ளை வேறு என்றான். ஆமாம், மெஷின் என்றால் உனக்கு அக்கறை என்றேன். சொல்லியிருக்கக் கூடாதுதான், வாயில் வந்துவிட்டது. அன்று முழுக்க அவன் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. வாடிக்கையாளர்கள்தான் பாவம், இருவரும் அவர்கள் வழியாகவே பேசிக்கொண்டோம்.

மறுநாள் கடை விடுமுறை. எதிர்ச் சாரியில் இருக்கிற ரெடிமேட் கடைக்குள் வாழ்க்கையில் முதல் முறையாக நுழைந்தேன். அங்கே இருந்த பெண் என்னைப் பார்த்து, வேவு பார்க்க வந்தேனோ என்று முழித்தாள். பாபின் அளவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை, பூ வேண்டாம், கோடு வேண்டாம், வெறும் வெள்ளை என்று வாங்கிக்கொண்டு வந்தேன். மாடிக்குப் போய் அவளைப் போடச் சொன்னேன். அப்பா திட்டுவார் என்றாள். திட்டட்டும், அத்தை இருக்கிறேன் என்றேன்.

அண்ணன் கீழே வெட்டுமேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான். படியில் இறங்கி வந்த மகளைப் பார்த்ததும் அவன் முகம் கசந்தது. சட்டை அவள் மேல் சரிந்து கிடந்தது. இடது தோள் தொங்கியது, வலது பக்கம் கழுத்துப்பட்டை ஏறிக் காதைத் தேடியது, கீழ் ஓரம் இடப்பக்கம் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இறங்கியிருந்தது.

பார்த்தாயா ரெடிமேட் லட்சணத்தை என்றான் என்னிடம். வெட்டினவன் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருக்கிறான் என்றான். நான், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றேன். அவன் காதில் வாங்கவில்லை. அதற்குள் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு மகள் முன்னால் மண்டியிட்டிருந்தான். இடது தோளை ஒரு சிட்டிகை பிடித்து ஊசி குத்தினான், வலது ஓரத்தைக் கொஞ்சம் இறக்கினான், இடுப்பில் ஒரு மடிப்பு எடுத்தான். கண் பார்க்கும் முன் கை பார்த்தது. சட்டை நேரானது. பாபினும் நேரானாள்.

"அண்ணா, இப்போ எதுக்கு இடது தோளைப் பிடிச்சே?" என்று கேட்டேன்.

வெட்டு சரியில்லை, அதனால் என்றான். அப்படியானால் பொம்மைக்குப் போட்டுக் காட்டு என்றேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பாபினைத் திரைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வரச் சொன்னான். அவள் திரைக்கு மேலே நீட்டிய சட்டையிலிருந்து ஊசிகளை உருவி மறுபடி உதட்டில் கவ்விக்கொண்டு, கோட்டு ட்ரையலுக்கு வைத்திருக்கிற மரப்பொம்மைகளில் சின்னதாக ஒன்றை இழுத்து, அதன்மேல் அந்த ரெடிமேட் சட்டையை மாட்டிப் பொத்தான்களைப் போட்டான்.

சட்டை சமமாக நின்றது.

அவன் அதை இழுத்துவிட்டான். பொம்மையைத் திருப்பி முதுகுப் பக்கம் பார்த்தான். கழுத்தில் தொங்கிய நாடாவை எடுத்து இடது தோளை அளந்தான், வலது தோளை அளந்தான், மறுபடி இடது தோளை அளந்தான். சட்டையைக் கழற்றி மேஜையில் பரப்பி நடுவே மடித்தான். ஒரு பாதி மறு பாதியோடு நூல் பிசகாமல் பொருந்தியது. மடித்த சட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

பாபின் தன் பழைய சட்டையோடு வந்து எப்போது மேஜையருகே நின்றாள் என்று நான் கவனிக்கவில்லை.

"அப்பா, சட்டை கோணலா, நான் கோணலா?"

அண்ணன் உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத்திண்டில் குத்தினான். பிறகு அவளைத் தூக்கி மேஜைமேல் உட்கார வைத்தான். அவள் அதற்கெல்லாம் வளர்ந்துவிட்டாள், தூக்க அவனுக்குச் சிரமமாக இருந்தது.

"சட்டை சரியாத்தான் இருக்கு கண்ணு. நீயும் கோணல் இல்லை. உன் முதுகு கொஞ்சம் வழி தவறிப் போகுது. அப்பாதான் அது யாருக்கும் தெரியாம மூடி மூடி வெச்சிருக்கேன். எனக்கே தெரியாம."

மாடியிலிருந்து பாபினின் பழைய கவுன்களை எடுத்துவரச் சொன்னான். பொட்டலம் பெண்ணாகப் பிறந்தால் உதவும் என்று அண்ணி பெட்டியில் வைத்திருந்தவை. ஒவ்வொன்றாக மேஜையில் வைத்து நடுவே மடித்தான். மூன்று வயசுக் கவுன் பாதிக்குப் பாதி பொருந்தியது. பள்ளியில் சேர்ந்தபோது போட்டதும் பொருந்தியது. அதற்குச் சில வருஷம் கழித்துத் தைத்ததில் ஒரு நூல் விலகியது, பார்க்கத் தெரிந்தவன் கண்ணுக்கு மட்டும். அடுத்ததில் ஒரு விரல். போன வருஷத்துப் பள்ளிச் சட்டையின் இரு பாதிகள் வேறு வேறு ஆட்களுக்குத் தைத்தவை போல இருந்தன. அதன் இடது தோளைப் பிரித்தான். உள்ளே கேன்வாஸ் ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து வைத்திருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் அழுதான். எங்கள் அப்பா செத்தபோதுகூட அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. என் கைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. பாபின்தான் மேஜையிலிருந்து எட்டி அவன் தலையைத் தடவினாள்.

மறுநாளே எலும்பு டாக்டரிடம் போனார்கள், அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு. படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் இரண்டு விஷயம் சொன்னாராம். இன்னும் ஒரு வருஷம் கழித்து வந்திருந்தால் கத்தியைப் பற்றித்தான் பேசியிருப்பேன். இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால், வளைவு கூடுகிறதா என்று சும்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம். இப்போது பட்டைக்குப் பொழுது இருக்கிறது, ஆனால் தள்ளிப்போட இல்லை. நிமிர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், மேலே வளையாமல் நின்றால் அதுவே வெற்றி என்று சொல்லி அனுப்பினார். அண்ணி முதல் விஷயத்தைச் சொல்லி ஆறுதல்பட்டாள். அண்ணன் இரண்டாவது விஷயத்தை விழுங்கிக்கொண்டு வந்தான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

பட்டை என்றால் துணிப்பட்டை இல்லை. கெட்டியான பிளாஸ்டிக்கில் உடம்பு அளவுக்குச் செய்தது, அக்குளிலிருந்து இடுப்பு வரை. நாளின் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்க வேண்டும். முதல் வாரம் பாபின் அதைக் கட்டிலுக்கு அடியில் எறிந்தாள். பள்ளியில் பிள்ளைகள் கதவு தட்டுகிற மாதிரி தட்டி, உள்ளே யார் இருக்கிறது என்று கேட்டார்களாம். அழுதுகொண்டு வந்தவளிடம், வீட்டில் ஆள் இல்லை, அப்புறம் வா என்று சொல்வதுதானே என்றேன். மறுநாள் அவள் அதையே சொல்லியிருக்கிறாள், அவர்களும் சிரித்திருக்கிறார்கள். எல்லா நாளும் அப்படிப் போகவில்லை. சில நாள் அவள் அழுதாள், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அண்ணன் தன்னால் முடிந்ததைச் செய்தான். பட்டைக்கு உள்ளே போடுகிற பனியனில் சின்ன மடிப்பு இருந்தாலும் தோல் கன்றிவிடும். பக்கவாட்டில் தையலே இல்லாமல், ஒட்டித் தைத்தது எங்கே என்று எனக்கே தெரியாதபடி அவளுக்குப் பனியன்கள் தைத்தான். வெளியே போடுகிற சட்டைக்கு மட்டும் ஒரு விதி வைத்துக்கொண்டான். இனி அவள் துணியில் இரண்டு பக்கமும் சமமாகத்தான் வெட்டுவான். கேன்வாஸ் கிடையாது, மடிப்பு கிடையாது. வருஷக்கணக்காகத் தானாக ஓடிய கையை நிறுத்துவது லேசில்லை. வெட்டும்போது கத்தரி இடது தோளில் வந்து தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அவன் கண்ணை மூடித் திறந்துவிட்டு நேராக வெட்டுவான்.

அடுத்த பரிசோதனை நாள் வந்தபோது பாபின் இன்னும் உயர்ந்திருந்தாள், பழைய சட்டை எதுவும் சேரவில்லை. அண்ணன் வெள்ளைத் துணியில் புதிதாக ஒன்று தைத்தான், சமமாக. டாக்டரைப் பார்க்கப் பட்டையைக் கழற்றிவிட்டு அவள் அதைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கினாள். நாங்கள் மூன்று பேரும் கீழே நின்றோம். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான்தான் சொன்னேன், அண்ணா, திரும்பிப் பார் என்று.

இடது ஓரம் இறங்கித்தான் இருந்தது. அவன் மண்டியிட்டுக் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். அதே அகலம்தான் என்றேன் நான். அவன் தலையாட்டவில்லை. என் கண்ணை இனி நான் நம்ப மாட்டேன், டாக்டர் சொல்லட்டும் என்றான். அவனவன் முதுகுதான் அவனவனுக்குத் தெரியாது என்பார்கள், தன் பிள்ளை முதுகும் அதில் சேர்த்தி என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தான்.

எலும்பு டாக்டர் பார்த்துக் கொடுத்த படங்களோடு டாக்டரம்மாவிடம் போனோம். பழைய படத்தையும் புதுப் படத்தையும் விளக்குக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பாபினைக் குனியச் சொல்லிப் பார்த்தார். உயரம் நன்றாக ஏறியிருக்கிறது, வளைவு ஏறவில்லை என்றார்.

"ஒரு நூலளவுகூடவா டாக்டர்?"

"ஒரு நூலளவுகூட இல்லை. ஆனா இன்னும் வளரப் போறா. பட்டையை விட்டுடாதீங்க."

அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தாள், வளையல் கையில் அழுந்தியது, வலித்தது, நன்றாக இருந்தது. வெளியே வந்ததும் அண்ணன் சீட்டுக் கொடுக்கிற பெண்ணிடம் போய், பொட்டலத்துக்கு அடுத்த முறைக்கு நாள் குறிக்கச் சொன்னான். பையனுக்கு உடம்புக்கு என்ன என்று அவள் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டாள். ஒண்ணும் இல்லைங்க, அதுக்குத்தான் வர்றோம் என்றான். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தாள். அண்ணி, அப்படியே எழுதிக்கோங்க என்றாள்.

தெருவில் நல்ல வெயில். அப்பாவும் மகளும் முன்னால் போனார்கள். வெள்ளைச் சட்டை அவள் மேல் சரிந்துதான் தொங்கியது, எதிரே வந்தவர்களில் ஒருவர் ஒரு கணம் பார்த்துவிட்டும் போனார். ஊரில் நேராகக் கோட்டு தைக்கிற ஒரே ஆளின் மகள் கோணல் சட்டையோடு நடந்துபோகிறாள். அண்ணனின் கை மெல்லப் போய் அந்தச் சட்டையின் இடது ஓரத்தைத் தொட்டது.

"அப்பா, இழுத்து விடாதீங்க" என்றாள் பாபின்.

"இழுக்கலைம்மா. அதே இடத்துலதான் இருக்கான்னு பார்த்தேன்."